மனையில் வேறு உடல் இல்லை

2019 ஜூலை 3, புதன்

வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. கர்த்தருக்குச் சித்தமானால் ஆவணிக்குள் பத்திரம்.

வாங்குகிறவர் பல் டாக்டர் ஹரிஹரன். வீட்டை இடித்துவிட்டு கிளினிக் கட்டப் போகிறாராம். நல்ல மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார். மனையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனவர், தெற்கே மாமனார் கல்லறையும் மாமி கல்லறையும் இருக்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் சொந்த மனையில் அடக்கம் செய்கிற வழக்கம் உண்டு. தென்னைக்கு நடுவே கல்லறை இருக்கும், அதன் மேலேயே நெல் காயப்போடுகிற வீடும் உண்டு. அவர் மதுரைக்காரர், பார்த்துப் பழக்கமில்லை.

“அம்மா, பல்லைப் பிடுங்க வர்றவன் இதைப் பாத்தா வாசலோட திரும்பி ஓடிருவான்.”

“நீங்க நல்லா பிடுங்கினா எதுக்கு சார் ஓடுகான்?” என்று கட்டிலிலிருந்து இவர் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான். இரண்டு கல்லறையையும் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, மனையில் அடக்கம் ஒன்றும் மிச்சமில்லை என்று பேரூராட்சியில் சான்றிதழ் வாங்கித் தரவேண்டும். அது கையில் வந்த பிறகுதான் பத்திரம். முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

இவருக்குக் கிட்னி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் நாகர்கோவிலில் டயாலிசிஸ். இரண்டு பஸ் மாற வேண்டும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக ஆயுசெல்லாம் நின்றுகொண்டே போன மனிதர், இப்போது படியில் ஏற நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. வீடு விற்றால் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே வாடகைக்கு இருக்கலாம், மருந்துக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம். விற்காவிட்டால் என்ன ஆகும் என்று அங்குள்ள டாக்டர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

நோய் தெரிந்ததுமே வீட்டை என் பேரில் எழுதி வைத்துவிட்டார். ஆகையால் எல்லாக் கையெழுத்தும் நான்தான் போட வேண்டும்.

சப்போட்டாவுக்கு மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 5, வெள்ளி

டயாலிசிஸ். பஸ் செலவு 76. இளநீர் கேட்டார், கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் வளையல் வண்டி நின்றது. கைப்பிள்ளைகளுக்குப் போடுகிற கருவளையல் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வாங்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

பேரூராட்சி அலுவலகம். கிளார்க் முருகபூபதி சார் இரண்டு மனு எழுத வேண்டும் என்றார். மாற்றுவதற்கு அனுமதி கேட்டு ஒன்று. மாற்றிய பிறகு சான்றிதழ் கேட்டு இன்னொன்று.

“ரெண்டையும் ஒரே மனுவில எழுதக் கூடாதா சார்?”

“உடம்பு இருக்குன்னும் இல்லன்னும் ஒரே பேப்பர்ல எப்படிம்மா எழுதுவிய?”

சரியாகத்தான் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்காமலே சிரித்தார்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஞாயிறு பள்ளியில் பழகியது. கணக்கு, இவர் கொண்டுவரும் டிக்கெட் கணக்கைக் கூட்டிக் கூட்டிப் படித்தது. படிவம் நிரப்ப யாரையும் கூப்பிட மாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். மேபல்பாய், கணவர் பெயர் சத்தியநேசன், கதவு எண், வரி எண். அதற்குக் கீழே, “மனையில் அடக்கம் செய்யப்பட்டோர் விவரம்” என்று கட்டம் போட்டு நான்கு வரி இருந்தது. முதல் வரியில் மாமனார். இரண்டாம் வரியில் மாமி. மூன்றாம் வரியில் பேனாவை வைத்தேன். எழுத்து வரவில்லை, ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

“இன்னும் ஆள் உண்டா?” என்று கேட்டார் கிளார்க்.

“ஆலோசிச்சு எழுதுகேன் சார்.”

“செத்தவங்களக்கூடவா ஆலோசிக்கணும்?”

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தேங்காய் இரண்டு, சீனி அரைக் கிலோ.

ஜூலை 10, புதன்

காலைக் கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன். இவர் எப்போதும் சாப்பிடுவது அடுக்களையில்தான், கிழக்கு மூலையில் கிடக்கிற பெஞ்சில். உடம்புக்கு முடியாத நாளிலும் பிடித்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தால்தான் கஞ்சி இறங்கும்.

“மூணாவது வரியில என்ன எழுதணும்?”

கஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் கேட்டது காதுல விழுந்துதா?”

“கைப்பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது பிள்ளே. கணக்குல வராது. ரெண்டுன்னு எழுது.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் மேல் இப்படி ஒரு கோபம் வந்ததில்லை. கர்த்தர் மன்னிப்பாராக. மத்தியானம்வரை பேசவில்லை. பிறகு மருந்து கொடுக்க வேண்டியிருந்ததால் பேசினேன்.

ஜூலை 15, திங்கள்

மூன்றாம் வரியில் ஒன்றும் எழுதாமலே முதல் மனுவைக் கொடுத்துவிட்டேன். மாற்றுவதற்கான மனுதானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 17, புதன்

சுகாதார ஆய்வாளர் வந்தார். பெயர் சஜிதா, சின்ன வயது. கூட டேப் பிடிக்க ஒரு ஆள். கல்லறைகளைப் படம் எடுத்து, மனையை அளந்து, பழைய வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார்கள்.

“அடுக்களை பிளான்ல இல்லியேம்மா.”

“எண்பத்தஞ்சுல எடுத்ததாக்கும். முதல்ல அது விறகு அடுக்குற சாய்ப்பு. எனக்கு அடுக்களை சின்னதா இருக்குன்னு இவரே சுவரு வச்சு, இவரே தரைக்கு சிமெண்ட் போட்டுத் தந்தாரு,” என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒரு பெருமைதான். கொத்தனார்கூட இல்லாமல் லீவு போட்டு ஒரு வாரம் தன் கையால் பூசினார். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னே டைல்ஸ் போடலாம் என்று நான் கேட்டபோது, பழைய தரையைக் கொத்த வேண்டிவரும் என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அவ்வளவு பிரியம் அந்தத் தரைமேல்.

டேப் பிடிக்கிற ஆள் மூலைக்கு மூலை அளக்க பெஞ்சை இழுத்தான். உள்ளே கட்டிலில் கிடந்தவர் எப்படித்தான் எழுந்தாரோ, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, “லேய், அத எடுக்காத! அளவு நான் சொல்லுகேன், எழுதிக்க!” என்று சத்தம் போட்டார். மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சஜிதா பயந்துபோய்த் தண்ணீர் கொடுக்கப் போனாள். ஒரு வாய்க்கு மேல் கூடாது என்று தடுத்தேன்.

“நோவு வந்தா இப்படித்தான், கோவம் கூடிப்போகும்,” என்று அவளிடம் சொன்னேன்.

அடுக்களைக்குத் தனியாக ஒரு அபராதம். கட்டிவிட்டேன். வேறு அடக்கம் உண்டா என்று அவள் போகும்போது கேட்டாள். பால் பொங்குகிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூலை 18, வியாழன்

நேற்றுச் சொன்ன பொய் உறங்கவிடவில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

1984 ஐப்பசியில் எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். வீட்டில்தான் பேறு. ஆறு நாள் இருந்தாள். ஞானஸ்நானம் ஆகவில்லை, பேரும் வைக்கவில்லை, எங்கும் பதியவுமில்லை. போதகர் கண்டால் ஏசுவார் என்று மாமி சொல்லியும் கேட்காமல் இரண்டு கைக்கும் கருவளையல் போட்டிருந்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் இவர் தூக்கிக்கொண்டு போனார். நல்ல மழை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு மணி அடிக்க மாட்டார்கள், கல்லறை கட்டுவதும் கிடையாது. தாய்க்கு இடத்தைச் சொல்லவும் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே போய்க் கிடப்பாள், அடுத்த பிள்ளை தங்காது என்பது மாமி வீட்டு வழக்கம். இவர் மாமிக்குச் சத்தியம் பண்ணிக்கொடுத்தார். மனைக்குள்தான் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்கவில்லை. நான் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மாசக் கடைசியில் கிணற்றுக்கு மேற்கே இவர் ஒரு சப்போட்டாக் கன்று வைத்தார். வேறு எதற்கு வைப்பார்? நான் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். அந்தப் பழத்தை நான் வாயில் வைத்ததில்லை. பறித்ததையெல்லாம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் போடச் சபைக்குக் கொடுத்துவிடுவேன். அடுத்த மகள் பெனிலா பிறந்து வளர்ந்து, “எல்லார் வீட்லயும் பழம் திங்காவ, நம்ம வீட்ல மட்டும் ஏலம் போடுகாவ” என்று அழுவாள்.

இப்போது மனையில் அடக்கம் ஒன்றும் மிச்சமில்லை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அவளை அந்த மரத்தின் கீழே விட்டுவிட்டுப் போனால் ஜேசிபிக்காரன் அள்ளி லாரியில் கொட்டுவான்.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகரைப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் மாமனாருக்கும் மாமிக்கும் இடம் தருகிறார்கள். பக்கத்திலேயே ஒரு இடம் இவருக்கும் எழுதி வைக்கவா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தவறா எடுத்துக்காதிய” என்றார். எழுதி வைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

அனுமதி வந்து, இன்று கல்லறைகளைத் திறந்தார்கள். கொத்தனார் தாசையன், கூட இரண்டு பேர். சஜிதா ஓரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள், ஆனால் நாற்றம் ஒன்றுமில்லை. போதகர் ஜெபம் பண்ணினார். மாமி மண்டையோட்டில் சீப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இருவரையும் இரண்டு பலகைப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

“உசிரோட இருக்கையில ஒரு வண்டியில சேந்து ஏறினதில்ல ரெண்டு பேரும்,” என்று தாசையன் சொன்னான். இவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. எனக்கும் சிரிப்பு வந்தது. வரக்கூடாது, வந்தது.

போதகர் போன பிறகு தாசையனிடம் சப்போட்டாவைக் காட்டினேன்.

“இதையும் வெட்டி அடியில தோண்டணும் தாசையா. பைய, மண்வெட்டி வேண்டாம், கையால.”

சஜிதா திரும்பிப் பார்த்தாள். “மனுவுல ரெண்டுதானேம்மா?”

அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முழுவதையும் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

மரத்தில் கோடாலி விழுந்ததும் உள்ளே கட்டிலிலிருந்து சத்தம்.

“பிள்ளே, மரத்த விடு! வெட்டாண்டாம்!”

வெட்டு என்று தாசையனுக்குக் கை காட்டினேன். பின்னேரம்வரை தோண்டினார்கள். தாசையன் வேருக்கு நடுவே கையை விட்டு மண்ணை உதிர்த்து உதிர்த்துப் பார்த்தான். ஒரு பவுடர் டப்பா மூடி, ஓடு, வேர். வேறு ஒன்றுமில்லை. என் உயரத்துக்குக் குழி ஆன பிறகு அவன் ஏறி வந்து, தலைத் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தான்.

“ஒண்ணும் இல்ல அக்கா.”

“சின்னப் பிள்ளைல்லா. கரைஞ்சு போயிருக்கும்,” என்றாள் சஜிதா.

இவரிடம் வந்து, “அங்க இல்ல” என்றேன். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “நல்ல காய்ப்புள்ள மரம்,” என்றார். கண்ணோரம் தலையணை நனைந்திருந்தது. மரத்துக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டயாலிசிஸ். குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இரண்டாம் மனு. இதில் உறுதிமொழி அச்சடித்திருக்கிறது. “மேற்படி மனையில் வேறு உடல் எதுவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கவில்லை என உண்மையாக உறுதி கூறுகிறேன்.”

சஜிதா என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள். மூன்று என்று எழுதினால் பிறப்பும் இறப்பும் பதிந்த சான்று கேட்பார்களாம். பதியாததற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம். ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகுமாம்.

“அதுவரைக்கும் சார் உடம்பு தாங்குமாம்மா? மண்ணாப் போச்சு. ரெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

போட்டேன். வேதத்தில் கை வைத்துப் போட்டது போல இருந்தது. அந்தப் பெண் மேல் குற்றமில்லை. தோண்டிப் பார்த்தேனே, இல்லையே என்று ஜெபத்தில் சொன்னேன். ஜெபம் மேலே ஏறவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

சான்றிதழ் வந்துவிட்டது. வட்ட முத்திரை, பச்சை மைக் கையெழுத்து. வேதப்புத்தகத்துக்குள் வைக்க மனம் வராமல் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். பத்திரத்துக்கு செப்டம்பர் 12 என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். பெனிலாவுக்குப் போன் பண்ணினேன். அவள் வேலூரில் நர்ஸ். “தேங்க் காட், இனிம அப்பாவுக்கு பஸ் கிடையாது” என்றாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டயாலிசிஸ் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பிரஷர் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 29, வியாழன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அடுக்களைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நடக்க முடியவில்லை, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனேன். எடை ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“பிள்ளே.”

“என்ன?”

“எனக்க காலுக்கு அடியில.”

எறும்போ என்று குனிந்து பார்த்தேன். சிமெண்ட் தரை.

“இங்கண ஆக்கும் இருக்கா.”

அரிசிப் பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

“அன்னைக்கு முற்றத்துல எங்க வெட்டினாலும் தண்ணி ஊறிச்சு. மூணு எடத்துல வெட்டினேன். பிள்ளைய எப்படிப் போயி தண்ணிக்குள்ள வைக்க? விறகுச் சாய்ப்பு ஒண்ணுதான் காஞ்சு கிடந்து.”

மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினார்.

“பொறகு மழ வந்தா இங்கணயும் நனைஞ்சிருமேன்னுதான் சுவரு வச்சேன். யாரும் மிதிக்காண்டாம்னு பெஞ்சப் போட்டேன். நீ அடுப்புல நிக்கும்போ ஒனக்க பக்கத்துல கிடக்கட்டும்னு.”

“சப்போட்டா?”

“அது சும்மா வச்ச மரம். அம்பது பைசாவுக்கு வாங்கினேன். நீ தண்ணி ஊத்துகதப் பாத்தேன். ஒனக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு விட்டுட்டேன். அம்மைக்குச் சத்தியம் பண்ணியாச்சுல்லா.”

“மரத்த வெட்டின அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீ வீட்ட விக்க மாட்ட.” பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “எனக்கும் சாவப் பயமா இருந்து பிள்ளே,” என்றார்.

அரிசியை அடுப்பில் வைத்தேன். அடுப்புக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு எட்டு. பெனிலாவுக்குப் பால் ஆறும்வரை பாட்டுப் பாடியதும், மாமியோடு சண்டை போட்டு அழுததும், காலையில் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடியதும் எல்லாம் இங்கே நின்றுதான். தண்ணீர் ஊற்றியதுதான் வேறிடம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்று பஸ் ஏற மாட்டேன் என்றார். வற்புறுத்தவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தேன். முழு இளநீர். பெனிலா வந்து சேர்ந்தாள். ஸ்டெதஸ்கோப்பைத் தன் அப்பா நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளிடம் எல்லாம் சொன்னேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை, ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது இவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

அடக்கம் முடிந்தது. உடனே எழுதாவிட்டால் எழுத மாட்டேன்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. நேற்றிலிருந்து கஞ்சியும் கட்டன்சாயாவும் பக்கத்து வீடுகளிலிருந்துதான் வந்தன. அதனால் அடுக்களைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. கதவு சாத்தியே கிடந்தது.

பத்து மணிக்கு சபைப் பெண்கள் முன் அறையில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். தாசையனைப் பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தேன். பெனிலா கதவை உள்ளே பூட்டிச் சாய்ந்துகொண்டாள்.

“பாட்டு ஏறும்போ அடி, நிறுத்தும்போ நிறுத்து,” என்று அவனிடம் சொன்னேன். வாய்க்குப் பூட்டில்லாதவன் ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினான். பெஞ்சை நகர்த்தினோம். பல்லவி வரும்போது கம்பிப்பாரை இறங்கும். சரணம் முடிந்து மூச்சு வாங்குகிற நேரத்தில் அவனும் நிற்பான். ஒரு தடவை முந்திவிட்டான். வெளியே யாரோ, “என்ன சத்தம்?” என்று கேட்டது காதில் விழுந்தது. “அம்மா அம்மிக்கல்லு நீக்குகாவ,” என்றாள் பெனிலா. என் மகளுக்கு இப்படிப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

இவர் பூசிய தரை லேசில் உடையவில்லை.

அடியில் மண் மாவு மாதிரி காய்ந்திருந்தது. முழங்கை ஆழத்திலேயே தாசையன் பாரையை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, “அக்கா, நீங்க பாருங்க,” என்றான்.

கையை விட்டேன். முதலில் கிடைத்தது வளையல். உடையவில்லை. எனக்கு இரண்டு விரல்தான் அதற்குள் போகிறது. பிறகு இன்னொன்று. பிறகு மற்றவை. நான் நினைத்ததைவிடக் கொஞ்சம். ஒன்றையும் விடக்கூடாது என்று மண்ணை முறத்தில் புடைத்துப் பார்த்தேன். அரிசியில் கல் பார்க்கிற கண்தானே, தவறவில்லை. பெனிலா ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் காட்டினாள். இது தோள், இது விலா. ஒரு இடத்தில் அவளால் சொல்ல முடியவில்லை.

இவருடைய காக்கிச் சட்டை ஒன்று துணிப்பெட்டியில் வைத்திருந்தேன், வேலையில் கடைசி நாள் உடுத்தியது. அதை விரித்து எல்லாவற்றையும் வைத்து, வளையலையும் வைத்து, கையிரண்டையும் உள்ளே மடித்துச் சுருட்டினேன். ஒரு பேர் சொல்லி ஜெபம் பண்ணினேன். அந்தப் பேரை இங்கே எழுதவில்லை.

மூடி போடுகிறதற்கு முன்னே முன் அறைக்கு வந்து, அந்தச் சட்டையை இவர் நெஞ்சோடு சேர்த்து வலக்கைக்கு உள்ளே வைத்தேன். கை விறைத்திருந்தது. பெனிலா ஒரு பக்கம் பிடிக்க, மெல்லத் தூக்கி வைத்தோம். “கண்டக்டருக்கு உடுப்பு மேல எம்புட்டு ஆசை பாரு,” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் அழுதார்கள். போதகர் மட்டும் அந்தச் சட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என் நகத்தில் மண் இருந்தது. ஒன்றும் கேட்காமல் ஜெபத்தை ஆரம்பித்தார்.

கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு ஆள் என்று எழுதினார்கள். சரிதான். மடியில் இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் எழுந்து மருந்துப் பெட்டியைத் திறந்துவிட்டு மூடினேன். தாசையன் வந்து தரையைச் சிமெண்டால் பூசினான். இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கு அக்கா என்றான். பூசு என்றேன். கூலி வாங்க மாட்டேன் என்றான்.

செப்டம்பர் 12, வியாழன்

பத்திரம் முடிந்தது. முன்பணத்தை மருந்துக்குச் செலவழித்தாகிவிட்டது, இனி மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. யாருக்காக விற்க நினைத்தேனோ அவர் இல்லை. பெனிலா என்னை வேலூருக்குக் கூட்டிப்போகிறாள்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் டாக்டரின் வக்கீல் ஒவ்வொரு பேப்பராக வாங்கிப் பார்த்தார். வரி ரசீது, வில்லங்கம், அபராத ரசீது. கடைசியில் பேரூராட்சிச் சான்றிதழைக் கேட்டார். சேலைக்கு அடியிலிருந்து எடுத்து வந்த பிறகும் நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கொடுப்பதற்கு முன்னே, “ஒரு நிமிஷம் சார்,” என்று சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன். கதவு எண், வரி எண், என் பேர். மேற்படி மனையில் வேறு உடல் எதுவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கவில்லை.

“ஏதாவது தப்பா இருக்காம்மா?” என்று வக்கீல் கேட்டார்.

“இல்ல சார்,” என்றேன். “இப்போ எல்லாம் சரியா இருக்கு.”